மழை நாளில் பார்த்த வீடு

எங்களிடம் இருந்த பணத்துக்கு ஊருக்கு வெளியே புது வீடு கிடைத்திருக்கும். பள்ளிக்கும் கடைக்கும் நடந்தே போகலாம், தெருவெல்லாம் வளர்ந்த மரங்கள் என்று இருந்த பழைய குடியிருப்பை விட்டுப் போக மனசு வரவில்லை. அங்கே நெடுநாள் விலை போகாமல் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. கட்டி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால், ஏறக்குறைய மனைக்கான விலையே சொன்னார்கள்.

முதல் தடவை நல்ல வெயிலில் போனோம். கூடத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டார். "வெள்ளையடிச்சதைப் பார்த்து ஏமாறாதே தம்பி. மழை பெய்யறப்போ வந்து பாரு."

இரண்டு வாரம் கழித்து மழை கொட்டிய நாளில் போனேன். தெருத் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. ஒரு காலத்தில் வாசலில் மூன்று படி இருந்ததாம். நான் பார்த்தது ஒன்றைத்தான். மொட்டை மாடியில் வடிகுழாய் அடைத்துக் குளம் மாதிரி தண்ணீர் நின்றது. உள்ளே சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம், உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருந்தது. அந்த வீட்டின் நோய்க்கெல்லாம் வேர் தண்ணீர்தான் என்று அன்றைக்கே புரிந்தது.

அடுத்து, பணம் கொடுத்து ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் போனேன். அவர் சுத்தியலால் கூரையை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். இரண்டு அறைகளில் உள்ளே வெற்றிடம் இருப்பது மாதிரி பொத்தல் சத்தம் கேட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது என்றார். உடைத்த இடத்தில் பினால்ப்தலின் என்ற, காரத்தன்மையைக் காட்டும் ரசாயனத்தைத் தெளித்தார். நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். காரத்தன்மை போய்க் கம்பியைக் காக்க முடியாத கான்கிரீட் நிறம் மாறாது. அந்த இரண்டு அறைகளிலும் கம்பி வரைக்கும் நிறம் மாறவே இல்லை. மற்ற அறைகள் தப்பின. விரிசல்களில் பெரும்பாலானவற்றின் ஓரம் மழுங்கி, உள்ளே பழைய பெயிண்ட் இறங்கியிருந்ததால் அவை பழையவை என்றார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய ஒன்று மட்டும் சந்தேகம். வாங்கியபின் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்தோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும், இன்றுவரை உடையவில்லை.

அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையை வீட்டுக்காரரிடம் காட்டித்தான் விலை பேசினேன். வாய்ப்பேச்சுக்கு இறங்காதவர் அதைப் படித்துவிட்டு இறங்கி வந்தார். பத்திரத்தில் அவருடைய உடன்பிறந்தவர் ஒருவரின் கையெழுத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தோம். வங்கிக் கடன் வீடு வாங்க மட்டுமே கிடைத்தது. பழுதுபார்க்கும் மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தேன், அதுவும் முழுக்கச் செலவானது.

ஒரு தவறு செய்தோம். ஓதத்தை அடைக்கிறேன் என்று மேஸ்திரி ஒரு சுவருக்குச் சிமெண்ட் பூச்சு போட்டார், நாங்களும் சம்மதித்தோம். ஆறு மாதத்தில் பூச்சு முடிந்த இடத்துக்கும் மேலே ஓதம் ஏறிவிட்டது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டால் அந்த வழியை மூடினால் ஈரம் மேலே வழி தேடும். அத்தனையையும் கொத்தி எடுத்தோம். இந்தத் தடவை முதலில் வீட்டைச் சுற்றி வடிகால் வெட்டி, வாசலில் தடுப்பு உயர்த்தி, மாடித் தளத்தில் தண்ணீர் வழிந்தோட வாட்டம் கொடுத்தோம். கூரை வேலை அதற்குப் பிறகு. பூச்சு, பெயிண்ட் எல்லாம் கடைசி. இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்கிறார்கள்.

மின்கம்பிகளில் எர்த்தே இல்லை; முழுக்க மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வைத்தோம். இரும்புக் குழாயை அறுத்துப் பார்த்தால் துரு அடைத்து உள்ளே பென்சில் நுழையும் துவாரம்தான் மிச்சம். மரக் கதவுகளைக் காப்பாற்றிவிட்டோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்க விடவில்லை, நனைத்துத்தான் சுரண்டினோம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி ஆபத்து.

பின்னறைச் சுவர் இன்னும் செங்கல் தெரிய நிற்கிறது. ஓரங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஒன்பது அங்குலச் சுவர் அது; ஏழாவது மாதம் நடக்கிறது. வெயில் அடிக்கும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். காய்ந்தபின் சுண்ணாம்பு பூச வேண்டும்.