தாவரவியல் செய்முறைத் தேர்வும் கவிதைப் பயிற்சியும்

அறிவியல் படித்துக்கொண்டே கவிதை எழுதும் மாணவர்கள் பலர், இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே நல்லது என்று எண்ணுகிறார்கள். முதுகலை வரை தாவரவியல் பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் கவிதைக்கு மிகுதியும் கைகொடுத்தது, தாவரங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தறியும் வகைப்பாட்டியலின் செய்முறைத் தேர்வுக்காகப் பெற்ற பயிற்சிதான்.

அத்தேர்வில் ஒரு பூங்கிளையைக் கொடுத்து, அதன் குடும்பத்தைக் கண்டறியச் சொல்வார்கள். புல்லி, அல்லி, மகரந்தத்தாள் என்று வட்டம் வட்டமாகப் பிரித்து எண்ணி, பூவின் பெண்பகுதியான சூலகத்தைக் குறுக்கே வெட்டி, சூல்கள் ஒட்டியிருக்கும் முறையைப் பார்த்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'அழகான', 'மென்மையான' போன்ற சொற்களுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. கவிதையின் முதல் வரைவிலும் அச்சொற்களை அடித்துவிட்டு, அவ்விடத்தில் கண்ணால் கண்டதை எழுதிப் பாருங்கள்.

செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். சங்கப் புலவர்கள் அதைப் பெண்ணின் விரலுக்கு உவமையாக்கினார்கள். இன்றும் பலர் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். அருகில் சென்று பார்த்தால், இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருப்பதும், அலை விளிம்புள்ள ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்திருப்பதும், சூலகத்திலிருந்து காம்புபோல் நீளும் சூல்தண்டு அடியிலேயே வளைந்து, மகரந்தத்தாள்களை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டிருப்பதும் தெரியும். ஒரே வீட்டுக்குள் முகம் திருப்பி வாழும் ஒருத்தியைப் பற்றிய கவிதை எனக்கு அந்த வளைவிலிருந்துதான் கிடைத்தது. அதில் சூல்தண்டு என்ற சொல்லே இல்லை.

கலைச்சொல் கூடவே கூடாது என்பதல்ல. செக் கவிஞர் மிரோஸ்லாவ் ஹோலுப் (1923–1998) நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர். நுண்ணோக்கியும் ஆய்வகமும் அவர் கவிதைகளில் நேரடியாகவே வருகின்றன.

ஒன்றில் மட்டும் தேர்வுப் பழக்கம் கவிதைக்கு இடைஞ்சல் செய்யும். தேர்வில் ஓர் உறுப்பை விட்டாலும் மதிப்பெண் குறையும் என்பதால், எல்லாவற்றையும் எழுதிவிடக் கை துடிக்கும். கவிதையிலோ பெரும்பகுதியை விட்டாக வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறாரே என்று கேட்கலாம். அவை தலைவியும் தோழியரும் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் என்பதால், அந்த அடுக்கே காட்சியாகிவிடுகிறது.

களப்பயணத்தில் நிறத்தையும் மணத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். உலர்த்திய மாதிரியில் இரண்டும் நிற்பதில்லை. குறிப்பேட்டின் இடப்பக்கத்தைக் கவிதை வரிகளுக்கு ஒதுக்கி, தேர்வு முடிந்த பிறகு அவற்றைத் திருத்தத் தொடங்குங்கள்.