வெயில் காய ஒரு சொல்

ஏற்காட்டில் மார்கழி மாதம் பத்து மணிக்கு மேல்தான் வெயில் கொஞ்சம் உறைக்கும். எங்கள் எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிவிட்டு, வேலையாட்கள் சுவரோரமாக வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நிற்பார்கள். கேட்டால், "சும்மா வெயில் காயறோம் சார்."

அந்தக் கதகதப்புக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு பழஞ்சொல் உண்டு: அப்ரிசிட்டி. குளிர்கால வெயிலின் சூடு என்று பொருள். 1623இல் ஹென்றி காக்கெரம் வெளியிட்ட அகராதியில் இருக்கிறது. வாயில் நுழையாத சொற்களாகத் தேடிப்பிடித்து அடுக்கிய அகராதி அது. அதைவிட்டு வெளியே வந்து இந்தச் சொல் பெரிதாகப் புழங்கவில்லை, பாவம்.

எனக்கு அதிசயம், ஓவர்மாரோ போன்ற சொல்லை எப்படிக் கைவிட்டார்கள் என்பதுதான். நாளை மறுநாள் என்று பொருள். 1535இல் வந்த கவர்டேல் பைபிளில்கூட உண்டு. "லாரி நாளன்னைக்கு வரும்" என்று ஒரே சொல்லில் நாம் முடிப்பதை, இன்றைய ஆங்கிலத்தில் நாலு சொல் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. செனைட்டும் அப்படித்தான் போனது: ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். பதினாலு இரவான ஃபார்ட்நைட் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது.

அப்புறம் சார்னோகைட், ஒரு பாறையின் பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்தார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அந்தப் பாறைதான். இங்கே யாரைக் கேட்டாலும் கருங்கல் என்பார்கள்.