இசட்டைக் கொடுத்து லெகசி எடுத்தேன்

லீவுக்குக் காட்பாடி வந்ததிலிருந்து சொந்தபந்தம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த செவப்பு காரை ஏன்பா குடுத்துட்ட?"

ஆக்லாந்தில் நான் முதலில் வாங்கிய நிசான் ஃபேர்லேடி இசட் அது. ஜப்பானில் ஓடி, கப்பலேறி வந்த கூபே. 3.5 லிட்டர் வி6, இரண்டே சீட். நைனா அதன் போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டு 2001 மாடல் சுபாரு லெகசி பி4 என்ற நாலு கதவு செடான் எடுத்ததில் அவருக்கு மனத்தாங்கல். எனக்குத் துளியும் இல்லை.

குழந்தை பிறந்த பிறகு மூன்று பேராகக் கோயிலுக்குக்கூடப் போக முடியவில்லை. அதற்காக மந்தமான வண்டி ஓட்டவும் மனசு வரவில்லை. லெகசியை வைத்திருந்தவரும் நானும் காருக்குக் கார் மாற்றிக்கொண்டோம்; மேற்கொண்டு அவர் கொஞ்சம் பணமும் கொடுத்தார்.

லெகசியில் இருப்பது சிலிண்டர்கள் படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜின். கம்பெனியிலிருந்து வரும்போது, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இரண்டு. முதலாவதோடு இரண்டாவது சேரும் இடத்தில் இழுவை சட்டென்று தொய்ந்துவிடும். முன்பு வைத்திருந்தவர் இரண்டையும் கழற்றி ஒரே பெரிய டர்போ போட்டிருந்தார். மிதித்தால் இப்போது ஒரே சீராக ஏறுகிறது, அவ்வளவு சுகம்!

நியூசிலாந்தில் இப்படி ஆல்டர் செய்த வண்டிக்கு எல்.வி.வி. (லோ வால்யூம் வெஹிக்கிள்) சான்று வேண்டும். செய்த மாற்றங்களைப் பொறித்த தகடு ஒன்றைக் காரிலேயே அடித்திருப்பார்கள். அது இல்லையென்றால் வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று பார்க்கும் வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் சோதனையில் பாஸாகாது. பானெட்டைத் தூக்கியதும் நான் தேடியது அந்தத் தகட்டைத்தான். அடுத்தது கடன். நம்ம ஊரில் ஆர்.சி. புக்கிலேயே ஹைப்பாத்திகேஷன் இருக்கும். அங்கே கடன் அடமானங்களைப் பதியும் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் நம்பர் போட்டு நாமேதான் பார்க்க வேண்டும். பார்க்காமல் வாங்கினால் பழைய ஓனரின் பாக்கிக்காக வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் மாற்றங்கள் அத்தனையையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் புரிந்துகொண்டவர் சத்துவாச்சாரியில் லாரி ஷெட் வைத்திருக்கும் மாமா ஒருவர்தான். போனில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாப்ள, ஹைவேல அடிச்சினு வந்து ஒடனே ஆஃப் பண்ணாத. கொஞ்ச நேரம் ஐடில்ல ஓடட்டும். சூட்டோட நிறுத்துனா டர்போ உள்ள ஆயில் கருகிடும், பேரிங் போயிடும்."

நேற்று ஷெட்டில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேட்டார். இந்த இன்ஜினுக்கு 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வெல்லாம் வளைந்துவிடும். வண்டி 2,00,000-ஐ நெருங்குகிறது. ஆக்லாந்து திரும்பியதும் பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறார்.