லிபர்ட்டி ஏலைத் தேடிப் போன நான்கு நாட்கள்

கலிஃபோர்னியாவின் சிகோ ஊருக்குப் போய்த் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் அந்தப் பேருந்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். தேடிப் போன பீரின் கதை அப்புறம்.

சாக்ரமெண்டோவிலிருந்து வடக்கே சுமார் 90 மைல். இரண்டரை மணி நேரப் பயணம் என்றுதான் டிக்கெட்டில் இருந்தது. ஆகஸ்ட் மாதம், அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் கொளுத்துகிறது. ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஏசி நின்றுபோனது. ஜன்னல்களோ திறக்கவே முடியாதவை. ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் எங்களோடு சேர்ந்து வெந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் மாற்று வண்டி அனுப்புவதாகச் சொன்ன கம்பெனி ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் எங்களை நிற்க வைத்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தார். குடிக்கத் தண்ணீர்கூட யாரும் தரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இரவு ஒன்பதரைக்கு இறங்கினால், விடுதி இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. ஒரே ஒரு டாக்ஸி நின்றது. 45 டாலர் என்றார். மீட்டர் போடச் சொன்னேன். இந்த நேரத்துக்கு மீட்டர் கிடையாது, வேண்டுமானால் நடந்து போங்கள் என்றார். தெரியாத ஊர், இருட்டு, தோளில் பை. கொடுத்துவிட்டு ஏறினேன். மறுநாள் அதே தூரத்தை நாற்பது நிமிடத்தில் நடந்தேன். இருட்டில் வந்து இறங்குகிறவரிடம் இப்படிக் கறப்பது சுத்தமான கொள்ளை.

சரி, இவ்வளவு பாடுபட்டு அங்கே ஏன் போனேன்? ஒரு பீருக்காக. அதுவும் இப்போது யாரும் காய்ச்சாத ஒரு பீருக்காக.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சும் ஆலை, 1975ல் லிபர்ட்டி ஏல் என்று ஒரு பீரைக் காய்ச்சியது. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கும் நேரத்தில், பிரிட்டிஷ் படை வருகிறது என்று பால் ரெவியர் குதிரையில் போய் எச்சரிக்கை கொடுத்த இரவின் 200வது ஆண்டுக்காக. அதில் போட்டது காஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ, அப்போது புதிது. கிரேப்ஃப்ரூட் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. இன்று உலகம் முழுக்க ஐ.பி.ஏ என்று கேட்டு வாங்கும், ஹாப்ஸ் தூக்கலான பீருக்கு இருக்கும் மணம் இங்கேதான் தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி. பல வருடங்களுக்கு முன் ஒரே ஒருமுறை குடித்திருக்கிறேன். அந்த வாசனை எங்கிருந்து எங்கே போனது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் திட்டம்.

முதல் நாள் சான் ஃபிரான்சிஸ்கோ. போட்ரெரோ ஹில் மேட்டில் மரிபோசா தெருவில் ஆங்கரின் கட்டடம் நிற்கிறது. 1937ல் காப்பிக்கொட்டை வறுக்கக் கட்டியது, ஆங்கர் 1979ல் குடிவந்தது. கதவு பூட்டியிருந்தது. பூட்டியிருக்கும் என்று தெரிந்துதான் போனேன். ஆனாலும் அந்த நடைபாதையில் நின்றபோது தொண்டை அடைத்தது. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, வேகும் நாட்களில் இந்தத் தெருவே மணக்குமாம். இப்போது கார் புகை மட்டும்தான்.

இந்த இடத்தின் கதை தெரிந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆங்கர் 1896ல் தொடங்கியது. 1965ல் மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாஷிங் மெஷின் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளையான ஃபிரிட்ஸ் மேடாக் பெரும்பங்கை வாங்கினார். சில ஆயிரம் டாலர்தான் கொடுத்திருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் பீர் பாதி நாள் புளித்துக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யவே அவருக்குப் பல வருடம் பிடித்தது. 1971ல்தான் பாட்டிலில் அடைத்தார்கள். அவர்களுடைய ஸ்டீம் பீர், ஐஸ் கிடைக்காத காலத்தில் பிறந்த முறை. லாகர் என்ற பீர் வகைக்கான, குளிரில் வேலை செய்ய வேண்டிய ஈஸ்ட்டை, ஆழமில்லாத அகலத் தொட்டிகளில் சற்றுச் சூடான நிலையிலேயே நொதிக்க விடுவார்கள். அந்த ஊர்க் குளிர்காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. 1970களின் கடைசியில் அமெரிக்கா முழுவதும் நூறுக்கும் குறைவான ப்ரூவரிகள், எல்லாம் ஒரே மாதிரி வெளிறிய லாகர். அந்தக் காலத்தில் ஒரு மனிதர் இப்படிப் பிடிவாதமாக இருந்ததால்தான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது.

2010ல் மேடாக் விற்றார். 2017ல் ஜப்பானின் சப்போரோ பீர் கம்பெனி வாங்கியது. 2019ல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2021ல் கையால் வரைந்த பழைய லேபிளை எடுத்துவிட்டு மஞ்சளும் நீலமுமாய் ஒன்றை ஒட்டினார்கள். பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், நியாயமான கோபம். 2023 ஜூலையில் மூடுவதாக அறிவிப்பு. தாங்களே வாங்கி நடத்துகிறோம் என்று தொழிலாளர்கள் பணம் திரட்டிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2024ல் தயிர் விற்றுப் பெரியவரான சொபானியின் ஹம்தி உலுகாயா வாங்கியிருக்கிறார். கதவு திறக்கட்டும். திறக்கும் நாளில் நான் கடன் வாங்கியாவது போவேன்.

அன்று மாலை ஒரு மதுக்கடையில் பழைய லிபர்ட்டி ஏல் பாட்டில் ஒன்றைக் காட்டி 40 டாலர் என்றார்கள். வாங்கவில்லை. ஹாப்ஸ் மணம் நாள்பட நாள்பட ஓடிவிடும், மிஞ்சுவது அட்டைப்பெட்டி வாசனை. நினைவுப்பொருளாக வேண்டுமென்றால் வாங்குங்கள், குடிக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் படகில் லார்க்ஸ்பர், அங்கிருந்து ரயிலில் சாண்டா ரோசா. இந்தப் பயணத்திலேயே குறைந்த செலவு, நிறைந்த சுகம் இதுதான். காரே வேண்டாம். பீர் குடிக்கப் போகிறவர் கார் எடுக்கவும் கூடாது.

சாண்டா ரோசாவின் நாலாவது தெருவில் ரஷ்யன் ரிவர் ப்ரூவரியின் கடை. இங்கே பிளைனி தி எல்டர் குடிக்காமல் வந்தால் பயணமே வீண். 8 சதவீத டபுள் ஐ.பி.ஏ. ஆனால் நாக்கில் அவ்வளவு லேசாக ஓடுகிறது. பைன் மரம், எலுமிச்சைத் தோல், கடைசியில் சுத்தமான கசப்பு. கண்ணை மூடிக் குடித்தேன். கூடவே அடுப்பிலிருந்து நேராக வந்த பீட்சா, ஓரம் கருகி, சீஸ் கொப்பளித்துக்கொண்டு. கசப்பான பீரும் உப்பான சீஸும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் சொல்ல வரவில்லை. தனியாளாக முழு பீட்சாவையும் முடித்தேன். மறுநாள் காலைச் சாப்பாட்டுக் காசும் அதில் போனது, வருத்தமே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பிளைனி தி யங்கர் வரும் நாட்களில் இந்தத் தெருவில் மணிக்கணக்கில் வரிசை நிற்குமாம்.

பக்கத்து ஸ்டூலில் ஒரு பெரியவர், வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பழகியவர். 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் அது அந்த நாட்டில் முறைப்படி செல்லும் என்றானது. நியூ ஆல்பியனைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் 1976ல் தொடங்கியது, அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டிய முதல் சிறு ப்ரூவரி என்பார்கள். பழைய பீப்பாய்களை வெட்டி, தானே வெல்டிங் செய்து உருவாக்கினார். பீர் நன்றாக இருந்தது, விற்கவும் செய்தது. ஆனால் அளவு பத்தவில்லை, வங்கியும் கை கொடுக்கவில்லை. 1982ல் மூடிவிட்டார். அந்த ஈஸ்ட்டும் சாமான்களும் வடக்கே ஹாப்லாண்டில் தொடங்கிய மெண்டசீனோ ப்ரூவிங்குக்குப் போயின. அதன் கட்டுப்பாடு 1997ல் யார் கைக்கு வந்தது தெரியுமா? கிங்ஃபிஷர் விஜய் மல்லையா. அவர் தரப்பின் கையில் இருந்தபடியே 2018ல் அது மூடியது. இதைக் கேட்டபோது நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது மக்கள் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள், அதனால்தான் ப்ரூவரிகள் சாகின்றன என்றார் பெரியவர். அது பொய்யில்லை. மது அருந்துவதாகச் சொல்லும் அமெரிக்கர்கள் 54 சதவீதம் என்று 2025 ஆகஸ்டில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் சொன்னது, அதுவரை அவர்கள் எடுத்ததிலேயே குறைவு. செல்ட்சர் என்ற மது கலந்த சோடா வந்தது, கொரோனாவில் டேப்ரூம்கள், அதாவது ப்ரூவரிகளின் குடிக்கும் கூடங்கள், பூட்டிக் கிடந்தன, அலுமினிய டின் விலை ஏறியது. 9,000க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் ஒரே குளிர்பெட்டியில் இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. 2024ல் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம்.

ஆனால் எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. சான் டியாகோவின் பேலஸ்ட் பாயிண்ட் ப்ரூவரியை 2015ல் ஒரு பெரிய கம்பெனி 100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நான்கே வருடத்தில், 2019ல், இல்லினாயின் ஒரு குட்டி ப்ரூவரிக்கு விற்றுவிட்டது. பக்கத்து ஊர் பெடலூமாவின் லாகுனிடாஸ் ப்ரூவரியில் 2015ல் ஹைனகன் என்ற பெரிய பீர் கம்பெனி பாதிப் பங்கு வாங்கியது, 2017ல் மீதியும். 2024ல் சிகாகோ ஆலையை மூடினார்கள். வருடா வருடம் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டுப் பணம் கொட்டினால் இதுதான் நடக்கும். பீர் என்பது அந்த வேகத்தில் வளரும் சரக்கில்லை. அது மாலை ஆறு மணிக்கு ஒருவர் நடந்து வந்து ஒரு கிளாஸ் குடிக்கும் சரக்கு. பெரியவர் தலையாட்டினார், ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் விற்காமல் தனியாக நின்ற சின்னக் கடைகளும்தானே மூடுகின்றன, வாடகை அவர்களையும் விடவில்லையே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் முழுவதும் ரயில், அந்தப் பேருந்து, அந்த டாக்ஸி. தாண்டிப் போகலாம்.

நான்காம் நாள் சிகோ. சியரா நெவாடா ப்ரூவரியின் வாசலில் காலையிலேயே போய் நின்றுவிட்டேன். கென் கிராஸ்மனும் நண்பரும் பால்பண்ணைத் தொட்டிகளையும் பழைய குளிர்பான பாட்டில் இயந்திரத்தையும் வைத்து 1980ல் முதல் பீரைக் காய்ச்சினார்கள். பேல் ஏல் என்ற தங்கள் பீர் மனத்துக்குப் பிடிக்கும்வரை காய்ச்சியதைச் சாக்கடையில் ஊற்றினார்கள், ஒருமுறை அல்ல, பலமுறை. அந்த பேல் ஏலிலும் அதே காஸ்கேட். ஆங்கரில் தொடங்கிய வாசனை நாடு முழுக்கப் பரவியது இந்தப் பச்சை லேபிள் பாட்டில் வழியாகத்தான்.

உள்ளே அந்தச் செப்பு அண்டாக்களைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மூடிப்போன ஒரு ப்ரூவரியிலிருந்து வாங்கிவந்தவை. ஒரு ஊரில் அடுப்பு அணைந்தாலும் பாத்திரம் இன்னொரு ஊரில் கொதிக்கிறது. அதன்முன் வெகுநேரம் நின்றேன். ஹாப்ஸ் வைக்கும் குளிர் அறையில் மூட்டை மூட்டையாக முழுப்பூவாகவே அடுக்கியிருக்கிறார்கள். ஒரு பூவைக் கையில் கொடுத்து உள்ளங்கையில் தேய்க்கச் சொன்னார் டூர் காட்டியவர். மஞ்சள் தூள் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்தேன். தேடிவந்தது அதுதான்.

இன்றும் இது குடும்பச் சொத்து, அமெரிக்காவின் பெரிய கிராஃப்ட் ப்ரூவரிகளில் ஒன்று. பேல் ஏலை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் இல்லை. 2018ல் கொண்டுவந்த ஹேஸி லிட்டில் திங் என்ற கலங்கலான ஐ.பி.ஏ அதை விற்பனையில் தாண்டிவிட்டது. மது இல்லாத ஹாப்ஸ் தண்ணீரும் விற்கிறார்கள். எனக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை. ஆனால் செய்வது சரி. அதே 2018ல் பக்கத்து ஊர் பாரடைஸ் காட்டுத்தீயில் அழிந்தபோது ரெசிலியன்ஸ் என்று ஒரு ஐ.பி.ஏ காய்ச்சி, அதன் செய்முறையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். 1,400க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் அதையே காய்ச்சி நிவாரணத்துக்குப் பணம் கொடுத்தன. போட்டிக் கடைகள் இப்படிச் சேர்ந்து நிற்கும் தொழில் வேறு எது? இதனால்தான் ஒரு ப்ரூவரி மூடினாலும் எனக்கு வலிக்கிறது.

அங்கேயே உணவகத்தில் ஒரு பைண்ட், அதாவது ஒரு பெரிய கிளாஸ், பேல் ஏல், ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல். கையிருப்பு அவ்வளவுதான் அனுமதித்தது. டாக்ஸிக்காரர் மிச்சம் வைத்திருந்தால் இரண்டாவது பைண்ட் குடித்திருப்பேன்.

செலவுக் கணக்கை வரிசையாகத் தருகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன், முடியவில்லை. இவ்வளவு சொல்கிறேன்: விலைப்பட்டியலில் இருக்கும் தொகையோடு வரியும் ஐந்தில் ஒரு பங்கு டிப்ஸும் சேர்த்தே கணக்கிடுங்கள். முழு பைண்டுக்குப் பதில் சிறு கிளாஸில் கேளுங்கள், நாலு வகை ருசிக்கலாம். சிகோவுக்குக் காலைப் பேருந்தில் போங்கள், கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் நடக்க வெளிச்சம் இருக்கும்.