வினை என்ற சொல்லால் தோற்றேன், அதே சொல்லால் தேறினேன்

நேற்று மாலை வேலை முடிந்து, பினாங்கில் பாயான் லெப்பாஸிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது முடிவு வந்தது. சமய ஒப்பாய்வுத் தாளில் 71 புள்ளி. போன ஆண்டு இதே தாளில் 38. பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். இந்தத் தாளை மறுபடியும் எழுதப் போகிறவர்களுக்காக, மனம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். பகுதி ‘ஆ’வில், ஒரு கொள்கையைப் பல சமயங்களில் ஒப்பிடச் சொல்லும் கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் விழுந்தது அங்கேதான்.

முதல் முறை ஓர் அட்டவணையை நம்பிப் போனேன். முன்பு படித்தவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. இடப்பக்கம் ஆறு சமயங்கள். மேல்வரிசையில் கடவுள், வினை, மறுபிறப்பு, வீடுபேறு. சைவம், சமணம், பௌத்தம் மூன்றுக்கும் வினையா, ‘உண்டு’. மறுபிறப்பா, ‘உண்டு’. அதை அப்படியே மனப்பாடம் செய்து, மூன்று சமயங்களும் வினைக் கொள்கையில் ஒன்றுபடுகின்றன என்று நான்கு பக்கம் எழுதினேன். 25 புள்ளிக்கு 6 கிடைத்தது. அந்த அட்டவணை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்கள் கைக்கு வந்தால் அழித்துவிடுங்கள்.

அட்டவணையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நான் வளர்ந்ததும் அப்படித்தான். சிறு வயதில் அப்பாயியோடு குவீன் தெரு மாரியம்மன் கோவிலில் அர்ச்சனை முடித்து, அப்படியே நடந்து, சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின் கோவிலுக்குப் போய் ஊதுபத்தி ஏற்றுவோம். “எல்லாம் அம்மாதான் கண்ணு” என்பார் அப்பாயி. அவருடைய பக்திக்கு அது போதும். எனக்கும் அது வேண்டும். ஆனால் தேர்வு கேட்பது பக்தியை அல்ல, கொள்கையை. அப்பாயியின் ‘எல்லாம் ஒன்று’ என்பதை விடைத்தாளில் எழுதினால், ஒவ்வொரு சமயமும் பல நூற்றாண்டுகள் வாதாடிக் காத்த வேறுபாட்டை அழித்துவிடுகிறோம்.

இன்னொரு தவறும் செய்தேன். சமய வகுப்பில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் படித்திருந்தேன். பிற சமயங்களை மறுக்கும் பகுதியான அதன் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகள் நான்கும் வருகின்றன. ஆனால் மறுக்கப்படுவதற்காக வருகின்றன. நிலையான உயிர் இல்லை என்றால் மறுபிறப்பு யாருக்கு என்ற கேள்வியையே பௌத்தத்தின் குறைபாடாக எழுதி வைத்தேன். அது எதிர்த்தரப்பின் தடை. பௌத்தம் அதற்குச் சொல்லும் பதிலை நான் எழுதவே இல்லை. ஒரு சமயத்தை அதன் எதிரியிடமிருந்து மட்டும் கற்றுக்கொண்டு தேர்வுக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் முறை என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. பொதுவான சொல் எது வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்பது:

செய்வது யார்?
ஒட்டுவது எது?
பலனைக் கொடுப்பது யார்?

வினைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சைவத்தில் செய்வது உயிர். கன்மம், அதாவது வினை, ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் ஒன்றாக அதைப் பற்றுகிறது. கன்மம் சடப்பொருள் என்பதால் தானாக வந்து பலன் தராது, இறைவனே ஊட்டுகிறான். சமணத்திலும் செய்வது உயிர்தான். ஆனால் வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்ணிய பொருள். ஊட்டுவதற்குக் கடவுள் தேவையில்லை. பௌத்தத்தில் சேதனை என்னும் எண்ணமே வினை. அதைச் செய்யும் நிலையான ஆள் இல்லை; உடலும் மனமுமாகச் சேரும் ஐந்து தொகுதிகளான ஐங்கந்தங்களின் ஓட்டம் மட்டும் உண்டு. ஊட்டுபவனும் இல்லை. விதைக்கும் முளைக்கும் உள்ள தொடர்பு போலப் பலன் தோன்றுகிறது. அட்டவணையில் மூன்று ‘உண்டு’. உள்ளே மூன்று உலகங்கள்.

சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட எனக்குப் பிடித்தது, புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 56ஆம் சூத்திரம். நாளந்தாவைச் சேர்ந்த செல்வந்தர் உபாலி, நிகண்ட நாதபுத்தரின், அதாவது சமணத்தின் மகாவீரரின் சீடர். புத்தரை வாதத்தில் வெல்லப் போகிறார். உடல், சொல், மனம் மூன்றில் எதன் வழியாகச் செய்யும் தீவினை பெரியது? நிகண்டர், அதாவது சமணர் தரப்பு உடல் என்கிறது. புத்தர் மனம் என்கிறார். உபாலி தோற்று, புத்தரின் அடியாராகிறார். அப்போது புத்தர், நன்கு ஆராய்ந்து முடிவெடுக்கும்படி சொல்கிறார். இதுவரை நிகண்டர்களுக்கு அளித்துவந்த உணவை நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறார். இந்த இடத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காமலே மறுதரப்பை மதிக்க முடியும் என்று எனக்கு யாரும் அதுவரை காட்டியதில்லை.

மணிமேகலையை விட்டுவிடாதீர்கள். தமிழில் படித்தவர்களுக்கு இந்தத் தாளில் இருக்கும் பெரிய பலம் அது. 27ஆம் காதையே ஒரு சமய ஒப்பாய்வுதான்: வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். 30ஆம் காதையில், துன்பமும் பிறவியும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் பௌத்தக் காரணத் தொடரான பன்னிரு சார்பும் நல்ல தமிழில் கிடைக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பாலிச் சொற்களில் மூன்று மாதம் நினைவில் நிற்காதது, இப்படி ஒரே வாரத்தில் நின்றது.

புள்ளி இழக்கும் இடங்கள்:

- பௌத்தம் நாத்திகம் என்று எழுதுவது. அது படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. தேவர்கள் உண்டு, சக்கனும் (இந்திரன்) பிரமனும் உண்டு. அவர்களுக்கும் இறப்பு உண்டு என்பதுதான் செய்தி.
- பௌத்தத்தின் வீடுபேறான நிப்பானத்தைச் சுவர்க்கத்தோடு ஒப்பிடுவது. பௌத்தத்தில் சுவர்க்கம் தனியாக இருக்கிறது. அதுவும் பிறவிச் சுழலுக்குள்தான்.
- சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நம் ஊரில் காகிதப் பணம் எரிப்பதைப் பௌத்தக் கோட்பாடாக எழுதுவது. நான் எழுதினேன். அது சீன நாட்டார் வழக்கும் தாவோ மரபும் கலந்தது.
- புத்தர் காலாமர் என்ற மக்களுக்குச் சொன்ன காலாம சூத்திரத்தை ‘எதையும் நம்பாதே’ என்று சுருக்குவது. பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றை வைத்துச் சோதித்துப் பார் என்ற பகுதிதான் முக்கியம்.

இஸ்லாத்தை ஒப்பிட அஞ்சாதீர்கள். ஒரே வாழ்வு, மறுமையில் எழுப்பப்படுதல், இறைவனின் தீர்ப்பு என்று மட்டும் எழுதி நிறுத்துகிறார்கள். என்னோடு வேலை செய்யும் மலாய்த் தோழி ரமலானில் ஒவ்வொரு நோன்புக்கும் ‘நியாட்’ (நோன்பு நோற்கும் எண்ணம்) வைப்பாள். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழியை அவளிடம்தான் முதலில் கேட்டேன். உடனே சேதனை நினைவுக்கு வந்தது. மூன்று கேள்விகளைப் போட்டேன். இஸ்லாத்தில் எண்ணத்தை அறிந்து எடைபோடும் இறைவன் இருக்கிறான். பௌத்தத்தில் எண்ணமே வினை, எடைபோட ஒருவரும் இல்லை. பௌத்தத்தின் வினைக் கொள்கையை வேறு இரு சமயங்களோடு ஒப்பிடச் சொன்ன கேள்விக்கு, எல்லோரும் எடுக்கும் சைவத்தை விட்டுச் சமணத்தையும் இஸ்லாத்தையும் எடுத்தேன்.

படிக்கும் முறை: தனியாகப் படியுங்கள். குழுவில் உட்கார்ந்தால் அட்டவணைதான் பிறக்கும். எனக்கு அப்போது இரவு ஷிப்ட், உட்கார்ந்து படிக்க முடியாது, நடந்துதான் படித்தேன். லோரோங் பர்மாவில் தாய்லாந்துக் கோவிலும் பர்மியக் கோவிலும் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றில் 33 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்த புத்தர். இரண்டும் தேரவாதம் என்னும் பௌத்தப் பிரிவு. அங்கிருந்து பஸ் ஏறி ஆயர் ஈத்தாம் போனால் கெக் லோக் சி கோவில், 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின். அப்பாயியின் ‘அம்மா’, மகாயானம் என்னும் பௌத்தப் பிரிவின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர். தன் விடுதலையைத் தேடும் அருகத நெறியும் எல்லா உயிர்களின் விடுதலைக்காக உறுதிபூணும் போதிசத்துவ நெறியும் வேறு என்பதை ஒரே காலையில் கண்ணால் பார்த்துவிடலாம்.

தேர்வன்று பகுதி ஆவை முதலில் எழுதுங்கள். வினாத்தாள் கைக்கு வந்ததும் அந்த மூன்று கேள்விகளை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். ஒப்பீட்டு விடையை முடித்து நிமிர்ந்தபோது மணி 9.50. அதற்குப் பிறகு கை நடுங்கவில்லை.