ஓஷினென் ஏரிக்கு நடந்தே ஏறுங்கள்

சுவிட்சர்லாந்தில் ஓஷினென் ஏரிக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஏறும்போது கேபிள் காரைத் தொடாதீர்கள். நடந்து போங்கள். காசும் மிச்சம், ஏரி கண்ணில் படும் அந்த முதல் நொடியும் உங்களுக்கே உங்களுக்கு.

செலவிலிருந்து தொடங்குகிறேன். ஜூன் பள்ளி விடுமுறை என்றாலே சிங்கப்பூரிலிருந்து விமானக் கட்டணம் எகிறிவிடும். அக்கா மகனின் பள்ளியை வைத்துத்தான் தேதி பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. சூரிக்குக்கு நேரடி விமானம், சுமார் 13 மணி நேரம். அங்கிருந்து பெர்னில் ரயில் மாறினால் ஏரிக்குக் கீழே உள்ள ஊரான காண்டர்ஷ்டேக். ரயில் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சொன்ன நேரத்துக்கு வந்தது, போனது.

வழியில் ஒரு கடையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஆளுக்கொரு காப்பி, பையனுக்குக் கேக் என்று நிறையவே வாங்கியிருந்தோம். அத்தானுக்கு மாத்திரை போட வேண்டும், பிளாஸ்க்கில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றித் தர முடியுமா என்று அக்கா கேட்டாள். கடைப் பெண் சிரித்துக்கொண்டே ஊற்றினார். பில்லில் பார்த்தால் வெந்நீருக்கு 5 பிராங்க்! சிங்கப்பூர்க் காசுக்கு மாற்றினால் எங்கள் ஊர் தேக்கா கடைத்தெருவில் ஒருவர் தோசை சாப்பிட்டு டீயும் குடித்துவிடலாம். விலையை முன்கூட்டியே சொல்லியிருந்தால் கேட்டே இருக்க மாட்டோம். எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றோடு கடைக்குள் நுழைவதை நிறுத்திவிட்டு, தங்கிய வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தோம். அடுப்படி உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள், பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

சரி, மலைக்கு வருவோம். காண்டர்ஷ்டேக் 1,176 மீட்டரில் இருக்கிறது, ஏரி 1,578 மீட்டரில். ஏற வேண்டியது 400 மீட்டர். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சியே 164 மீட்டர்தான் என்பதால் அக்காவுக்குப் பயம். அதற்காகவே வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேறிப் பழகியிருந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்பார்கள், நாங்கள் இன்னும் நிதானமாகப் போனோம். பாதை செங்குத்துதான், ஆனால் நல்ல பாதை. இங்கே பத்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வியர்வை வந்ததும் காய்ந்துவிடுகிறது. வெயில்பட்ட மரங்களிலிருந்து பிசின் வாசனை. ஒரு மரத்தில் அது தேன் நிறத்தில் வழிந்து நின்றது, தொட்ட விரல் மாலை வரை மணத்தது.

அப்புறம் மரங்கள் விலகின. ஏரி!

படத்தில் பார்த்த நிறம், யாரோ கணினியில் ஏற்றிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நிஜமாகவே அந்த நிறம்தான். பனியாறுகள் அரைத்த பாறைத்தூள் நீரில் மிதப்பதால் நீலமும் பச்சையும் கலந்து அப்படித் தெரிகிறதாம். மூன்று பக்கமும் நெட்டுக்குத்தான பாறை, அதில் வெள்ளைக் கோடுகளாக அருவிகள், மேலே 3,661 மீட்டர் ப்ளூம்லிசால்ப் சிகரம் பனியோடு நிற்கிறது. யுங்ஃப்ராவ்-அலெட்ச் உலகப் பாரம்பரியப் பகுதி 2007-இல் விரிவாக்கப்பட்டபோது இந்த ஏரியும் அதில் சேர்ந்தது. சேர்க்காமல் விட்டிருந்தால்தான் அநியாயம். கேபிள் காரில் வந்தவர்களும் இதையேதான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் கூட்டமாக இருபது நிமிடம் நடந்து, பேசிக்கொண்டே வந்து சேர்கிறார்கள். கால் வலியோடு வந்தவருக்கு அந்த நீலம் வேறு மாதிரி இறங்குகிறது.

கரையோரமே சுற்றிக்கொண்டிருந்த அக்கா மகன், "சித்தி, இவ்வளவு அருவி உள்ளே விழுதே, தண்ணி எங்க வெளிய போகுது?" என்றான். நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரிகிற வாய்க்கால் எதுவும் இல்லை. முன்பொரு காலத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி இது. அந்தச் சரிந்த கற்களுக்கு அடியில் கசிந்துதான் தண்ணீர் கீழே போகிறது. காண்டர்ஷ்டேக்காரர்கள் குடிப்பதும் அதைத்தான். தெரிந்ததும் பையன் உட்கார்ந்து கற்களுக்குள் காது வைத்துக் கேட்டான்.

ஏரிக்கரையோடு திரும்பிவிடாதீர்கள். ஹாய்பெர்க் காட்சிமுனை வரை ஏறுங்கள், 1,900 மீட்டருக்கு மேல். முழு ஏரியும் காலடியில் தெரியும். அங்கே புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். தேக்காவில் வாங்கிய புளிக்காய்ச்சல், காலையில் வடித்த சோறு, உருளைக்கிழங்கு சிப்ஸ். குளிரில் சோறு கொஞ்சம் விறைத்திருந்தது, நல்லெண்ணெய் வாசனை மட்டும் அப்படியே இருந்தது. கீழே மாடுகளின் மணிச்சத்தம். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே சிறந்த சாப்பாடு அதுதான், அடித்துச் சொல்வேன்.

இறங்கும்போது அத்தானுக்கு முட்டி பிடித்துக்கொண்டதால் கேபிள் கார். இறங்க மட்டும் அதை எடுப்பதில் தப்பே இல்லை, ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். கோடையில் கூட்டம் அதிகம், ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துவிட்டே மேலே போங்கள். ஏரிக்கு மேலுள்ள ஷ்பிட்ஸெ ஷ்டை என்ற சிகரத்தில் பாறை நகர்ந்துகொண்டிருப்பதால் சில பாதைகளை மூடிவைத்திருக்கிறார்கள். தடுப்புப் பலகை இருந்தால் தாண்ட வேண்டாம். ரயிலுக்கு ஒருநாள் சலுகைச் சீட்டுகள் உண்டு, முன்கூட்டியே வாங்கினால் மலிவு. விமானச் சீட்டு கையில் வந்த அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.