பாதி பதில்

"நீ பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிதான் சொன்னாய்" என்றார் முதலாளி. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

எங்கள் ஒயின் கூடத்துக்கு வந்தவர், தென்மேற்கு பிரான்ஸின் மதிரான் பகுதி ஒயினை நன்கு அறிந்தவர். அதற்குரிய தன்னா என்ற திராட்சையின் இளம் ஒயின், கொட்டைப்பாக்கை மென்றதுபோல் நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். பழைய ஆட்கள் புட்டியைப் பல வருடம் கிடத்திப் போட்டுத்தான் திறப்பார்கள். அன்று தொட்டியிலிருந்து பிடித்துக் கொடுத்தது மைபோல் கறுத்திருந்தது. தொண்டையிலோ வழுக்கிக்கொண்டு போனது.

"இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பதப்பட்டது?" என்று கேட்டார்.

"ஆக்சிஜன் விடுகிறோம்" என்றேன். தொட்டிக்குள் இறங்கும் மெல்லிய குழாயையும் காட்டினேன். அவர் கோப்பையைப் பீப்பாய் மேல் வைத்தார். எடுத்துவைக்கச் சொன்ன பெட்டிகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேட்டார், சொன்னேன். ஒளிக்க வேண்டிய சங்கதியா இது? 1990களின் தொடக்கத்தில் இதே மதிரானில் ஒயின் தயாரிப்பாளர் பாட்ரிக் துகூர்னோ உருவாக்கிய முறை. குழாயின் நுனியில் உள்ள நுண்துளைப் பீங்கான் வழியே ஆக்சிஜன் பொடிக் குமிழ்களாக ஏறும். லிட்டருக்கு, மாதத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கு. துவர்ப்பின் கடுமை தணிகிறது, நிறம் நிலைக்கிறது. 1948 முதல் மதிரான் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் இந்தக் குழாயைப் பற்றி லேபிளில் எழுதும்படி எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

நான் சொல்லாமல் விட்டதாக முதலாளி சொன்ன மீதிப் பாதி இதுதான்: ஓக் பீப்பாயின் பலகை வழியாகவும் காற்று கசிகிறது. ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் காற்றுதான் சேர்கிறது. தாத்தாக்கள் கணக்கில்லாமல் கொடுத்ததை நாம் அளந்து கொடுக்கிறோம். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் விற்கிற இடத்தில் நின்றுகொண்டு கேட்காத விளக்கத்தைக் கொடுத்தால் அது விளக்கமா, சமாதானமா? அதோடு, புட்டிக்குள் கிடக்கும் வருடங்கள் காற்றால் மட்டும் ஆனவை அல்ல. அவற்றையும் அளந்து ஊற்றிவிட முடியுமா என்று வந்தவர் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் மட்டுமல்ல, முதலாளியிடமும் பதில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஒருவேளை அந்தக் கேள்வியைக் கேட்காமல் கேட்டுவிட்டுத்தான் போனாரோ என்னவோ.

உண்மையைச் சொன்னேன் என்று பெருமைப்படவும் முடியவில்லை. போன வாரம் ஒரு தம்பதி, "மதிரானா இது, இவ்வளவு மிருதுவாக இருக்கிறதே!" என்று வியந்தார்கள். அது கேள்வி அல்ல, பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லி, இரண்டு பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொடுத்தேன்.